செல்வமலர் ஏறிய இறக்கம்

தாயும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காருக்குக் குளிர்காலச் சில்லு பூட்டியது. நவம்பர் முடியும் நேரம். கனடாவின் மொன்றியல்-நோர் பகுதியில், குடியிருப்புக்குப் பின்னாலுள்ள தரிப்பிடத்தில் ஒரு பழைய கம்பளித் துண்டை விரித்து, துஷாந்தினி முழந்தாளில் நின்றாள். செல்வமலர் பால்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்து, நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஊரெல்லாம் கராஜ் வாசலில் வரிசை கட்டி நிற்கும் காலம் அது. சில்லு மாற்றுவதற்கென்று செல்வமலர் ஒருநாளும் வரிசையில் நின்றவரல்ல.

மகள் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக முறுக்கினாள். முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர் 'டிக்' என்றதும் நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் முறுக்கு."

"காணும் அம்மா. இதுக்கு மேல முறுக்கினால் போல்ட் இழுபடும்."

"பாலம் பாக்கிற எஞ்சினியர் சொன்னால் சரிதான்," என்று செல்வமலர் எழும்பி, நான்கு சில்லுக்கும் ஒவ்வோர் உதை கொடுத்தார். லொறிக்காரரின் பழக்கம். பிறகு இருவரும் உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்தார்கள். வேறொன்றும் நடக்கவில்லை.

ஜனவரியில் செல்வமலரின் மூளையில் இரத்தம் கசிந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு இல்லை. வயது அறுபத்து நான்கு.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: பாலைவனத்து மலையிறக்கத்தில் பிரேக் விட்டுப்போன லொறியைச் செல்வமலர் தனியாளாய் நிறுத்தியது. கதை உண்மை. ஆனால் துஷாந்தினியின் கணக்கில் அவர் செய்த பெரிய காரியம் அதுவல்ல. அது பத்து வருடம் கழித்து, அதே மலையில், லொறி இல்லாமல், கால்நடையாகச் செய்தது. அதை அவர்களுடைய கோவில் பங்கில் எவருக்கும் சரியாகத் தெரியாது.

செல்வமலர் இலங்கையின் மன்னாரில், பேசாலையில் பிறந்தவர். கல்யாணம் முடித்து இருபத்தாறு வயதில் மொன்றியலுக்கு வந்தார். ஒரு தையல் தொழிற்சாலையில், ஆண்களின் காற்சட்டைக்கு ஸிப் பூட்டும் மேசையில், மகள் பிறந்து வளர்ந்து பள்ளி முடிக்கும் மட்டும் இருந்தார். பிறகு தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. மேசையும் அதோடு போனது.

கணவர் அருமைராசா அப்போது தூர ஓட்டத்து லொறிக்காரர். துறைமுகத்திலோ ஏதாவது ஆலையிலோ சரக்கேற்றினால், வீட்டுக்குத் திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். வீட்டில் இருந்து சுவரைப் பார்ப்பதற்கு உங்கள் லொறியில் இருந்து ரோட்டையாவது பார்க்கிறேன் என்று செல்வமலர் முதலில் துணைக்குத்தான் ஏறினார். ஒஹாயோவில் ஒரு தரிப்பிடத்தில், கணவர் தேத்தண்ணி வாங்கப் போன நேரம், நின்ற லொறியின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தார். இறங்க மனம் வரவில்லை.

பாரவண்டி ஓட்டப் படிக்கப் போனபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து. பயிற்சிக்காரர் கத்திய பிரெஞ்சில் பாதி விளங்கவில்லை. 'றெக்குல்' என்றால் பின்னுக்கு எடு என்பது மட்டும் நன்றாக விளங்கியது. அந்த வித்தையில்தான் அவர் வகுப்பிலேயே முதலாள் ஆனார். செய்தி பங்குக்குள் பரவியதும், பூசை முடிந்து மண்டப வாசலில் பத்திநாதர் பிடித்துக்கொண்டார். அவரும் லொறிக்காரர்.

"அப்ப இனி நாங்கள் தையல் பழகவேணுமோ, மலர் அக்கா?"

"பழகுங்கோ. ஸிப் பூட்ட நான் சொல்லித்தாறன்."

அதன்பின் கணவனும் மனைவியும் சோடியாக ஓடினார்கள். ஒருவர் ஓட, மற்றவர் இருக்கைக்குப் பின்னாலுள்ள படுக்கையில் திரையை இழுத்துவிட்டு நித்திரை கொள்வார். லொறி நிற்காது. பல்கலைக்கழகத்தில் துஷாந்தினியிடம் தாய் என்ன செய்கிறார் என்று கேட்டவர்களுக்கு, 'கலிபோர்னியாவிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்' என்று பதில் சொல்ல அவளுக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது.

அந்த இறக்கம் கலிபோர்னியாவின் தெற்கு மூலையில் இருக்கிறது. கடற்பக்கத்து மலைமேட்டில் ஓடிவரும் நெடுஞ்சாலை, அங்கே வந்ததும் ஒரே மூச்சில் பாலைவனத்துக்கு விழும். கீழே, தண்ணீர் பாய்ச்சிய வெளிகளில், குளிர்காலம் முழுவதும் சலாதுக் கீரை விளையும். பெப்ரவரி மாதத்தில் மொன்றியல் கடைகளில் பச்சையாகக் கிடைக்கும் சலாது அந்த வெளிகளிலிருந்து வருவதுதான். அதை ஏற்றத்தான் இருவரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழூரில் ஓர் அச்சகத்தில் இறக்கவேண்டிய கடதாசி உருளைகள் பின்னால் பாரமாக இருந்தன.

அப்படிப்பட்ட இறக்கத்தில் லொறியைப் பிடித்து வைத்திருப்பது கால் பிரேக் அல்ல. எஞ்சினுக்குள் இருக்கும் பிரேக். அன்று அது பாதி இறக்கத்தில் கைவிட்டது. வேகம் ஏறியபின் கியர் இறங்க மறுத்தது. செல்வமலர் காலால் மிதித்தார். மிதிக்க மிதிக்கச் சூடேறி, புகைந்து, கடைசியில் மிதிபலகை வெறும் தகடுபோலக் கீழே போனது. கண்ணாடியில் பார்த்தால் சில்லுகளிலிருந்து வெள்ளைப் புகை. இப்படி ஓடிவரும் லொறிகளுக்கென்று வலப்பக்கத்தில், மேட்டுக்கு ஏறும் கூழாங்கல் பாதை ஒன்று வெட்டி வைத்திருந்தார்கள். அவர் அதற்குள் திருப்பினார். லொறி அச்சுவரை கல்லில் புதைந்து நின்றது.

பின்னால் திரை விலகியது. அருமைராசா கண்ணைக் கசக்கிக்கொண்டு தலையை நீட்டினார்.

"வந்திட்டமோ?"

"ஓம்," என்றார் செல்வமலர்.

இவ்வளவும் பங்குக்குத் தெரியும். பிறந்தநாள் விழா ஒன்று விடாமல் அருமைராசாவே சொல்லிச் சிரிப்பார். அவருக்கும் தெரியாத ஒன்று, புகைக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட அந்தச் சில கணங்களில் நடந்தது. செல்வமலர் புனித அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார்: இந்த மனிசனை உயிரோடு இறக்கிவிடும், நான் இனிமேல் ஸ்டியரிங்கில் கை வைக்கமாட்டேன்.

பேசாலை ஆட்களுக்கு நேர்த்தி என்பது வாய்ப்பேச்சல்ல. வைத்தால் நிறைவேற்ற வேண்டும். தவறினால் வினை வைத்தவரின் தலையில் விழாது. அவர் யாருக்காக வைத்தாரோ அவர் தலையில் விழும். செல்வமலர் இதைக் கேட்டு வளர்ந்தவர். ஆனால் லொறியைக் கல்லிலிருந்து இழுத்தெடுத்து, பிரேக் திருத்தி, சலாது ஏற்றியபோது அருமைராசாவுக்கு இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது, நிமிர முடியவில்லை. சலாது காத்திருக்காது. மொன்றியல் போகுமட்டும் பொறுத்துக்கொள்ளும் என்று அந்தோனியாரிடம் சொல்லிவிட்டு, செல்வமலரே லொறியை ஓடிக்கொண்டு வந்தார். மொன்றியலுக்கு வந்தபோது அடுத்த சரக்கு தயாராக நின்றது. இந்த ஒருமுறை. பிறகு, இந்தக் குளிர்காலம் முடியட்டும். பிறகு, பேந்து பாப்பம். அந்தப் பேந்து பத்து வருடம் ஓடியது. அந்த இறக்கத்தாலும் எத்தனையோ தடவை இறங்கினார்கள்.

பிறகு அருமைராசாவுக்கு நெஞ்சைத் திறந்து இதயக் குழாய் மாற்றினார்கள். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், செல்வமலர் லொறிச் சாவியை நிறுவனத்தில் கொடுத்துவிட்டு வந்தார். முழங்கால் நோகிறதாம். துஷாந்தினி நம்பினாள். ஞாயிறுகளில் தாயைக் காரில் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். சில வாரம் போனபிறகுதான் காருக்குள் ஏதோ குறைகிறது என்று பட்டது. யோசித்துப் பார்த்தாள். தாய் மற்ற ஓட்டுநர்களை ஏசவில்லை. கைகாட்டாமல் குறுக்கே வெட்டியவனையும் ஏசவில்லை, பச்சை விழுந்தும் நகராதவனையும் ஏசவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, யாரோ கொண்டுபோகும் சாமான்போல இருந்தார்.

ஒரு சிவப்பு விளக்கில் துஷாந்தினி கேட்டாள். அந்த விளக்கு பச்சையாகி, பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்க அடிக்க, எல்லாம் வெளியே வந்தது.

"பிள்ளை, பொய் சொல்லக்கூடாது. சலாது அழுகிப்போகும் எண்டு ஓடேல்ல. எனக்கு விருப்பமாயிருந்தது. அதுதான் ஓடினனான். அதுக்குத்தான் இப்ப அப்பாட நெஞ்சை வெட்டினவை."

அன்று மத்தியானம் அருமைராசாவுக்கும் சொல்லவேண்டி வந்தது. அவர் கட்டிலில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டார். நெஞ்சுத் தையல் நோகும் என்பதால் சிரிக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதையும் மீறிச் சிரித்தார்.

"விசரி. அது நான் திண்ட ஆட்டிறைச்சி. அந்தோனியாரில பழியைப் போடாத."

செல்வமலர் சிரிக்கவில்லை. பகிடியால் அவிழ்கிற முடிச்சல்ல அது. அவர் இனி ஓடினால், கணவருக்கு என்ன வந்தாலும் தன்னால்தான் என்று நம்புவார். ஓடாமல் இருந்தால், ஜன்னலோரத்தில் பஸ் எண்ணிக்கொண்டே காய்ந்துபோவார். இரண்டையும் துஷாந்தினியால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவள் பங்குத்தந்தை ஹென்றி அடிகளிடம் தாயைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடிகளார் கோவிக்கவில்லை. பத்து வருடம் அந்த இறக்கத்தால் இறங்கும்போது என்ன நினைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கியரைக் குறைத்தேன் என்றார் செல்வமலர். அடிகளார் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினார். பிறகு திருச்சபையின் ஒழுங்கைச் சொன்னார்.

"தனியாள் வைச்ச நேர்த்தியை, வைச்ச ஆளே அதைவிடப் பெரிசாய் மாத்தலாம், அம்மா. அதுக்கு என்ர அனுமதியும் தேவையில்லை. சின்னதாக்கத்தான் எங்களிட்ட வரவேணும்."

"பெரிசு எண்டால் என்ன சுவாமி?"

"அதை நீங்கள் அந்தோனியாரோட கதைச்சு முடிவெடுங்கோ."

கதைத்திருக்கவேண்டும். ஒரு கிழமை கழித்து முடிவைச் சொன்னார். லொறியால் இறங்க முடியாமல் போன மலையைக் காலால் ஏறுவது. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில், இயேசு சிலுவை சுமந்த வழியைச் சொல்லும் சிலுவைப்பாதைச் செபத்தின் பதினாலு நிலையையும் சொல்லிக்கொண்டு ஏறுவது. நடக்க ஆசையென்றால் மொன்றியலிலேயே மலை இருக்கிறதே, புனித சூசையப்பர் கோவில் படி இருக்கிறதே என்று அருமைராசா கேட்டுப் பார்த்தார். இங்கே ஏறி அங்கே வைத்த கடனைத் தீர்க்க முடியாது என்று பதில் வந்தது.

நெடுஞ்சாலையில் நடப்பது சட்டவிரோதம். துஷாந்தினி பாலங்களைப் பரிசோதிக்கும் பொறியியலாளர். சட்டத்தின் ஓரத்தில்கூட நடந்து பழக்கமில்லாதவள். செய்மதிப் படத்தில் தேடினாள். புதிய நெடுஞ்சாலைக்குக் கீழே, பாறைகளுக்கு நடுவில், வெள்ளை நூல்போல இன்னொரு சாலை வளைந்து வளைந்து ஏறியது. புதியது போடமுதல் எல்லா வண்டியும் போன பழைய நெடுஞ்சாலை. கைவிட்டு அரை நூற்றாண்டுக்கு மேல். விசாரித்தாள். நடக்கத் தடையில்லை.

"அது எனக்குத் தெரியும்," என்றார் செல்வமலர். "மேல இருந்து ஒவ்வொரு முறையும் பாத்திருக்கிறன். ஆனால் நான் நேர்த்தி வைச்சது அந்த ரோட்டில இல்லையே."

துஷாந்தினி இரண்டு சாலைகளின் சரிவையும் ஒரே தாளில் கீறிக் காட்டினாள். அடியும் ஒன்று, நுனியும் ஒன்று. பழையது மட்டும் கூடச் செங்குத்து.

செல்வமலர் கோட்டில் விரலை ஓடவிட்டுப் பார்த்தார். "கூடச் செங்குத்தோ? அப்ப பெரிசுதான்," என்றார். அவருடைய அந்தோனியாரும் அதை ஒத்துக்கொண்டதாகத் தெரிந்தது.

மார்ச் மாதத்தில் போனார்கள். அருமைராசாவுக்குத் துணையாக அவருடைய தங்கை வந்து நின்றார். விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த காரைத் துஷாந்தினி ஓட்டினாள். அந்த இறக்கத்தில் செல்வமலருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. கூழாங்கல் பாதையைக் கடந்தார்கள். கல் வாரிச் சமன் செய்யப்பட்டு, அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தது.

விடிந்ததும் அடிவாரத்தில் காரை விட்டு நடக்கத் தொடங்கினார்கள். காற்று பலமாக அடித்தது. சாலை கொங்கிறீற்றுப் பலகைகளாகப் போட்டது. பலகைக்குப் பலகை இடைவெளியில் முட்செடிகள் வரிசையாக முளைத்திருந்தன. ஓரத்தில் இடுப்பளவு கல்மதில். சில இடங்களில் மேலிருந்து உருண்ட பாறைகள் சாலை நடுவில் குந்தியிருந்தன. துஷாந்தினி தன்னை மறந்து வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டு போனாள். கைவிட்டபின்னும் பலகைகள் இவ்வளவு கட்டாக இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

பதினாலு நிலைகளை எங்கே வைப்பது என்று முதல்நாள் அவள் கேட்டிருந்தாள். தூரத்தைப் பதினாலாகப் பிரித்துத் தரவா என்றும் கேட்டிருந்தாள். வேண்டாம் என்றார் தாய். அவருடைய முறை வேறாக இருந்தது. ஒரு வளைவை நிமிர்ந்து பார்ப்பார். பாரம் ஏற்றிய லொறி அதில் ஏறினால் எந்த இடத்தில் மூச்சு முட்டும், எங்கே கியரைக் குறைக்காவிட்டால் நின்றுவிடும் என்று பார்ப்பார். அந்த இடத்தில் நிற்பார். தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டு, நிலையைச் சொல்வார். துஷாந்தினி சின்ன வயதில் பாடமாக்கிய மறுமொழியைச் சொன்னாள். அது தொண்டைக்குள் இன்னும் இருந்தது அவளுக்கே ஆச்சரியம். லொறி போகாத சாலையில், லொறி இளைக்கும் இடங்களில் எல்லாம் தாய் நின்று செபித்தார்.

ஒன்பதாவது நிலை, இயேசு மூன்றாம் முறை விழுவது. அதைச் சொல்லி முடித்து வளைவைத் திரும்பினால், முன்னால் சாலை இல்லை.

ஏதோ ஒரு மழையில் வெள்ளம் வந்து, சாலைக்கு அடியிலிருந்த குழாய்மதகையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. பள்ளம் இரண்டாள் ஆழம். மலையோரமாக ஒரு பலகை மட்டும், அடியில் தாங்கலே இல்லாமல், அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மறுநுனி அக்கரையைத் தொட்டது.

"இஞ்ச ரோட்டே விழுந்துபோச்சு," என்று சொல்லிவிட்டு செல்வமலர் அந்தப் பலகையைப் பார்த்தார். துஷாந்தினி குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கம்பி இல்லாத கொங்கிறீற்று. எப்போது விழும் என்று சொல்ல முடியாது. விழும் என்று சொல்லலாம்.

"இதில போகேலாது அம்மா."

"ஓரமாய், மெல்லமாய்ப் போனால்?"

"ஏலாது. இது என்ர பாலமெண்டால் இப்பவே மூடிப்போடுவன்."

செல்வமலர் மதிலில் உட்கார்ந்தார். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்தார். இந்தத் தூரம் வந்து திரும்பினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். நேர்த்தி பாதியில் கிடக்கும். மறுபடி வர அந்த முழங்கால் இடம் கொடாது.

"பாலத்தை மூடினால் சனம் என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

"சுத்திப் போகும்."

"அப்ப சுத்திப் போற வழியைக் காட்டு. நீ மொன்றியல்காரிதானே."

எப்போதும் ரோடு திருத்தும் நகரத்தில், செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. துஷாந்தினி பள்ளத்தின் மேற்பக்கமாகப் போய்ப் பார்த்தாள். கீழ்ப்பக்கமாகவும் போனாள். காலால் கல்லைத் தட்டினாள், அசைந்ததை விட்டாள். மேற்பக்கத்தில், பலகையிலிருந்து தள்ளி, பாறைகள் படிபோலக் கிடந்த ஓர் இடம் இருந்தது. தான் முதலில் இறங்கி ஏறிப் பார்த்துவிட்டு வந்தாள்.

செல்வமலர் பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து வழுகி இறங்கினார். அடியில், வறண்ட மணலில் நின்று, பத்தாம் நிலையைச் சொன்னார்: ஆண்டவரின் உடுப்பைக் களைகிற நிலை. சொல்லிவிட்டுத் தன் காற்சட்டையைத் திரும்பிப் பார்த்தார். பின்பக்கம் கிழிந்திருந்தது. நல்ல நிலையில்தான் கிழிந்திருக்கிறது என்றார். அக்கரையில் நாலு காலில் ஏறினார். துஷாந்தினி பின்னால் கைகளை விரித்தபடி ஏறினாள். ஒருமுறையும் பிடிக்கவேண்டி வரவில்லை.

மேலே வந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளிறியிருந்தது. துஷாந்தினி தண்ணீர் கொடுத்துவிட்டு நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏலாட்டி நிப்பாட்டுவம் அம்மா. அந்தோனியார் கோவிக்கமாட்டார்."

"அவர் கோவிக்கமாட்டார். நான் கோவிப்பன்," என்று சொல்லி, தொப்பியை இழுத்துவிட்டு நடந்தார்.

பதினாலாவது நிலை, சாலை முடியும் இடத்தில். ஒரு சங்கிலி, அதற்கு அப்பால் புதிய நெடுஞ்சாலை. லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தன. செல்வமலர் கிழிந்த காற்சட்டையோடு சங்கிலிக்கு இப்பால் நின்று, ஒவ்வொன்றின் எஞ்சின் உறுமலையும் கேட்டார். இவனுக்குப் பிரேக் பிடிக்குது, இவனுக்கும் பிடிக்குது என்றார். பிறகு கொஞ்சம் அழுதார். துஷாந்தினி தள்ளி நின்றாள்.

அங்கே ஒரு கிழவர் நாயோடு நின்றார். பழைய சாலைகளைத் தேடித் தேடிப் படமெடுக்கிறவராம். எங்கிருந்து நடக்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்குச் செல்வமலர் மொன்றியலிலிருந்து என்றார். கிழவர் அவருடைய சப்பாத்தைப் பார்த்தார், காற்சட்டையைப் பார்த்தார், நம்பத் தொடங்கினார். துஷாந்தினி திருத்தவேண்டி வந்தது. அவர் தன்னுடைய வண்டியில் இருவரையும் அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டார். வழி முழுவதும் பிரேக்கிலேயே கால் வைத்திருந்தார். இறங்கும்போது செல்வமலர், தன்னிடமிருந்த ஆங்கிலத்தைத் திரட்டி, சின்னக் கியரில் இறக்கச் சொல்லி அவருக்குப் புத்தி சொன்னார்.

வாடகைக் காருக்குப் பக்கத்தில் வந்ததும் செல்வமலர் கையை நீட்டினார்.

"சாவியைத் தா."

"அம்மா, உங்கட பேர் ஒப்பந்தத்தில இல்லை."

"அந்தோனியார் கையெழுத்து வைச்சிட்டார். நீ தா."

கையொப்பம் இல்லாமல் ஒரு தூணைக்கூட விட்டுக்கொடுக்காதவள் துஷாந்தினி. சாவியைக் கொடுத்தாள்.

செல்வமலர் இருக்கையை முன்னுக்கு இழுத்தார். கண்ணாடிகளைத் திருத்தினார். நேரே ஊருக்குப் போகவில்லை. மலைக்கு ஏறி, மேலே திரும்பி, அந்த இறக்கத்தால் இறங்கினார். சின்னக் கியரில், நிதானமாக, ஒருமுறையும் பிரேக்கைத் தொடாமல். கூழாங்கல் பாதை வந்தபோது, எதிரே வரும் லொறிக்காரருக்குக் காட்டுவதுபோல ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினார். அந்த நேரம் ஒரு சிவப்புக் கார் சீறிக்கொண்டு வந்து குறுக்கே வெட்டியது.

"உவனுக்கு ஆர் லைசென்ஸ் குடுத்தது? மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இருக்கு, இவனுக்கு அதுவும் இல்லை," என்று தொடங்கியவர், பாலைவனம் முடியும் மட்டும் நிறுத்தவில்லை. துஷாந்தினி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தாய் திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த மாதமே நிறுவனத்துக்குப் போய்ச் சாவியை வாங்கினார். துறைமுகத்திலிருந்து பக்கத்து நகரமான லவாலிலுள்ள களஞ்சியங்களுக்குச் சரக்குப் பெட்டி இழுத்தார். குளிர்காலத்தில் ஜெசிக்கா என்ற இளம் பெண்ணைச் சோடி சேர்த்துக்கொண்டு மறுபடி சலாதுக்குப் போனார். அருமைராசா வீட்டிலிருந்து மரக்கறி தின்று தேறினார். ஒரு பின்பனிக்காலம், ஒரு களஞ்சிய வாசலில், ஒடுங்கிய சந்துக்குள் ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்க முடியாமல் பத்திநாதர் திண்டாடியபோது, செல்வமலர் ஏறி ஒரே எடுப்பில் விட்டுவிட்டு இறங்கினாராம். அவர் அதை வீட்டில் சொல்லவில்லை. பத்திநாதரே செத்தவீட்டில், பெட்டியைத் தூக்கமுதல், எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். சொல்லிவிட்டுத் தலைப்பக்கத்தைத் தானே தூக்கினார்.

மலையேறிய கதையை ஹென்றி அடிகள் பிரசங்கத்தில் தொட்டும் தொடாமலும் சொன்னார். பெருமையாகச் சொல்லலாம் சுவாமி என்று துஷாந்தினி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். கோவிலுக்குள் அவர் ஓரளவுக்குமேல் போகவில்லை. ஆகவே மிச்சம் இங்கே.

அடக்கம் முடிந்து இரண்டாவது கிழமை, வீட்டு மேசையில் கிடந்த தாயின் கைபேசி அடித்தது. துஷாந்தினி எடுத்தாள். லவாலிலிருந்து ஒரு கண் பரிசோதனை நிலையம். மடாம் செல்வமலரின் புதன்கிழமை நேரத்தை உறுதி செய்யவேண்டும் என்று ஓர் இளம்பெண் பிரெஞ்சில் சொன்னாள். அறுபத்தைந்து வயதானால் பாரவண்டி உரிமத்துக்கு வைத்தியரின் சான்றும் கண்ணின் சான்றும் வேண்டும். பிறந்தநாள் மார்ச்சில். செல்வமலர் டிசம்பரிலேயே வைத்தியரிடம் போய் முடித்திருந்தார். கண்ணுக்குப் பொங்கல் கழியப் போவதாக வைத்திருந்தார்.

ஆர் பிள்ளை என்று அறைக்குள்ளிருந்து அருமைராசா கேட்டார். சொன்னாள்.

"எழுபது வயது மட்டும் ஓடுவன் எண்டவள்," என்றார்.

வேறொரு நாளுக்கு மாற்றட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம், மெர்சி என்று துஷாந்தினி சொன்னாள்.

கண் பரிசோதனை. லவால். புதன்கிழமை காலை. செல்வமலர் முடிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.